ஐந்தாவது பாட்டில்

ஜனவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். ரயிலில் பக்கத்து இருக்கைக்காரர் என் தோளைத் தலையணையாக்கிக்கொண்டதில் கழுத்து பிடித்துக்கொண்டது. மற்றபடி உடம்புக்கு ஒன்றுமில்லை. அம்மாவின் முழங்கால் வீக்கம் வற்றியதா? நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

குண்டு நிரப்பும் தொழிற்சாலை என்றதும் ஏதோ கோட்டை மாதிரி நினைத்துக்கொண்டு வந்தேன். இங்கே ஓடு சரிந்த கொட்டகைகளும் துருப்பிடித்த தண்டவாளமும்தான் இருக்கின்றன. பின்பக்க மேட்டில் உன் ஆய்வுக்கூடத்துப் படத்தில் நீ காட்டிய குட்டைகள். குண்டு ஓடுகளைக் கழுவிய தண்ணீரையெல்லாம் அதில்தான் விட்டார்களாம். நாம் பிறப்பதற்கு முன்பே மூடிய இடம். இன்னும் அடிமண் செங்காவி நிறத்தில் கிடக்கிறது. புல் ஓர் இழைகூட இல்லை. சூப்பர்வைசரிடம், "சார், இது வெடிக்காதே?" என்று கேட்டேன். "நீ சிகரெட் பிடிப்பியா?" என்றார். இல்லை என்றேன். "அப்ப ஏன் கவலைப்படறே?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதற்குப் பிறகுதான் எனக்குக் கவலை வந்தது.

மேட்டுக்கும் கீழ்வரிசை வீடுகளுக்கும் நடுவில் நான்கு போர்வெல் தயார். பம்பை நாளை பிரித்துப் பார்க்கிறேன். போன் சூப்பர்வைசர் மேசைமேல் இருக்கிறது. அவர் காது போனைவிடப் பெரியது. அதனால் நமக்குக் கடிதமே நல்லது.

கீழ்வரிசையில் கடைசி வீட்டு மாடியில் அறை கிடைத்துவிட்டது. வீட்டுக்காரர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். நல்ல மாதிரி. அவரும் காது மந்தமான அவர் அப்பாவும்தான் வீட்டில். காலையில் வேனிலேயே தொழிற்சாலை வாசலில் இறக்கிவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். சொந்த போர் இருப்பதால் தண்ணீருக்குக் குறைவில்லை என்று அம்மாவிடம் சொல்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
உன் தம்பி

ஜனவரி 25

அன்புத் தம்பிக்கு,

அம்மாவுக்கு வீக்கம் குறைந்துவிட்டது, வாய்தான் குறையவில்லை. "நாலு வரி எழுதுவான், நாப்பது வரியை முழுங்குவான், கல்லுளிமங்கன்" என்று உன் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். உன் கழுத்துக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. நான் நலம்.

என்ன வேலை செய்கிறோம் என்று தெரிந்துகொண்டு செய்தால் உனக்கும் சலிக்காது. அந்த மேட்டு மண்ணில் இரண்டு பேர் இருக்கிறார்கள். டி.என்.டி. மண்ணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருந்த இடத்திலேயே கிடப்பான். ஆர்.டி.எக்ஸ். அப்படியில்லை. மழைத் தண்ணீரோடு கிளம்பி எவ்வளவு தூரமானாலும் நடப்பான். நமக்குப் பயம் அவன்தான்.

ஆனால் குட்டையோரத்து மண்ணிலேயே அவனைத் தின்னப் பழகிய பாக்டீரியாக்கள் இருக்கின்றன. நாங்கள் கொண்டுபோய் விட்டவை அல்ல. வேறு ஒன்றும் கிடைக்காத இடத்தில் காலம் காலமாகக் கிடந்து, அவனிடமுள்ள நைட்ரஜனுக்காக அவனையே உடைக்கக் கற்றுக்கொண்டவை. நீ போரில் இறக்கப்போகிற சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகு அவற்றுக்குத் தெம்பு. அதைத் தின்று பெருகி, மண்ணுக்குள் இருக்கும் காற்றைத் தீர்த்துவிடும். மூச்சுமுட்டுகிற நேரத்தில் ஆர்.டி.எக்ஸ்.மேல் கை வைக்கும். அவன் உடம்பு ஒரு வளையம். ஓரிடத்தில் அறுத்துவிட்டால் மீதி தானாகக் குலைந்துவிடும். தண்ணீர் கீழே போகிற வழியில் இப்படி உயிருள்ள ஒரு சுவர் எழுப்புகிறோம்.

மாதாமாதம் நான்கு போரிலிருந்தும் மாதிரி அனுப்பு. கூடவே உன் வீட்டுக்காரர் போரிலிருந்தும் ஒரு பாட்டில் எடுத்து வை. ஒப்பிட்டுப் பார்க்கத்தான். அவ்வளவு தூரம் போயிருக்காது.

கையுறை போடாமல் மண்ணைத் தொடாதே. உடம்பு எப்படி என்று எழுது.
அக்கா

பிப்ரவரி 16

அன்புள்ள அக்காவுக்கு,

கழுத்து சரியாகிவிட்டது. இப்போது முதுகு. பாகு டிரம் உருட்டினால் வேறு என்ன ஆகும்? அம்மாவிடம் முதுகைப் பற்றிச் சொல்லாதே. உனக்குச் சளி என்று கேள்விப்பட்டேன், விட்டதா?

உன் பாக்டீரியாக்களுக்கு விருந்து தொடங்கியாயிற்று. உலகத்து எறும்பெல்லாம் இங்கேதான். நாற்றம் சட்டையோடு வீடுவரை வருகிறது. வீட்டுக்காரர் வேனில் என்னைக் கடைசி இருக்கைக்குத் தள்ளிவிட்டார். பிள்ளைகள் எனக்கு 'பாகு மாமா' என்று பெயர் வைத்துவிட்டார்கள். பிறகு ஒருநாள் அவரே, "முன்னாடி வந்து உக்காருங்க, பின்னாடி உக்காந்தா பசங்க படிக்க மாட்டேங்குது" என்றார். இப்போது தினமும் முன் இருக்கைதான்.

ஐந்து பாட்டிலும் இந்தப் பெட்டியில் இருக்கின்றன. ஐந்தாவதை நான் நிரப்பும்போது வீட்டுக்காரர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க தண்ணி எதுக்கு?"

"சும்மா, ஒப்பிட்டுப் பாக்க."

"ஏதாவது இருந்தா சொல்லுவீங்கல்ல?"

"சொல்லாம?" என்றேன்.

அந்தத் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறது அக்கா. ருசியும் நன்றாக இருக்கும். உன் சளிக்கு மருந்து சாப்பிடு.

உன் தம்பி

மார்ச் 9

அன்புத் தம்பிக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. இங்கே வேலை நெருக்கடி. அம்மா நலம். எனக்கும் ஒன்றுமில்லை.

நான்கு போர் முடிவும் வந்துவிட்டது. முதல் மாதத்துக்கு நல்ல தொடக்கம். மூன்றாவது போரில் கொஞ்சம் அதிகமாகப் பாகு விடு.

இன்னொரு விஷயம். நாளையிலிருந்து கேன் தண்ணீர் வாங்கிக் குடி. குடிக்க மட்டுமல்ல, சமையலுக்கும் பல் தேய்க்கவும் அதையே வைத்துக்கொள். ஊர்த் தண்ணீர் உனக்கு ஒத்துக்கொள்ளாது, சின்ன வயதிலிருந்தே உன் வயிறு அப்படி. செலவைப் பார்க்காதே. மறக்காதே.

உன் முதுகு எப்படி இருக்கிறது? பதில் போடு.
அக்கா

மார்ச் 21

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். முதுகும் நலம். அம்மா நடக்கிறாளா?

என் வயிறு எப்போதிருந்து பலவீனமானது? கல்லைக் கொடுத்தாலும் கரைத்துவிடுவான் என்று எல்லாரிடமும் சொல்லிச் சிரிக்கிறவள் நீ. போகட்டும், கேன் வாங்கிவிட்டேன். மாடிப்படியில் தூக்கிக்கொண்டு ஏறும்போது வீட்டுக்காரர் பார்த்து, "எங்க தண்ணி கசந்துபோச்சா?" என்று கேட்டார். அக்கா சொன்னாள், வயிறு சரியில்லை என்றேன். "குடுத்துவெச்ச வயிறு. கவலைப்பட ஒரு அக்கா இருக்காங்க" என்றார்.

நான்கு போர் முடிவு எழுதியிருந்தாய். ஐந்தாவதைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே? மறந்துவிட்டாயா?

அப்புறம் ஒரு சந்தேகம். உனக்கு டாக்டர் சிநேகிதிகள் இருக்கிறார்களே, அவர்களிடம் கேள். பேசிக்கொண்டே இருக்கிற ஆள் திடீரென்று நின்று, எதையோ பார்ப்பதுபோல் வெறித்து, கையிலிருக்கும் டம்ளரைக் கீழே விட்டுவிட்டு, பிறகு ஒன்றுமே நடக்காத மாதிரி மீதி வாக்கியத்தைச் சொல்லி முடித்தால் அது என்ன? கேட்டால் அவருக்கு ஞாபகமும் இல்லை. எனக்கு இல்லை, பயப்படாதே. தெரிந்தவர் ஒருவர்.

சாப்பிடு, தூங்கு.
உன் தம்பி

ஏப்ரல் 13

அன்புத் தம்பிக்கு,

இங்கே எல்லாரும் நலம்.

உன் சிநேகிதரை நரம்பு டாக்டரிடம் உடனே காட்டு. தள்ளிப்போட வேண்டாம். யார் அவர்? உண்மையைச் சொல், அது நீயா? சத்தியமாக நீ இல்லையே? கேன் தண்ணீரைத்தானே குடிக்கிறாய்?

ஐந்தாவது பாட்டிலை மறுபடி சோதிக்க வேண்டியிருந்தது. முடிவுகளை ஜூன் மாத மாசுக் கட்டுப்பாட்டு வாரியக் கூட்டத்துக்குப் பிறகுதான் வெளியிடலாம் என்று எங்கள் இயக்குநர் உத்தரவு. ஆய்வுக்கூட விஷயத்தைக் கடிதத்தில் எழுதக் கூடாது. என்னைத் தர்மசங்கடத்தில் மாட்டிவிடாதே.

இப்போது நான் கேட்கிறேன். போன மாதம் இறங்கிய ஆர்.டி.எக்ஸ். அளவு இந்த மாதம் மேலே போயிருக்கிறது, நான்கு போரிலுமே. நைட்ரேட்டும் எகிறியிருக்கிறது. மேட்டில் யாராவது உரம் போட்டார்களா? சுலபமான நைட்ரஜன் கிடைத்துவிட்டால் பாக்டீரியா ஆர்.டி.எக்ஸ். பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காது. தட்டில் போட்டுக் கொடுத்தால் யார் எழுந்து வேலைக்குப் போவார்கள்? விசாரித்து எழுது.

அந்த வீட்டுக்காரரும் அவர் அப்பாவும் எப்படி இருக்கிறார்கள்? கேன் தண்ணீர் எல்லாருக்குமே நல்லதுதான்.

உடம்பு பத்திரம்.
அக்கா

மே 2

அக்காவுக்கு,

நான் நலம். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மற்றது எதுவும் நலமில்லை.

உரம் போட்டது சூப்பர்வைசர். வாரியத்து ஆட்கள் பார்க்க வரும்போது மேடு பச்சையாக இருக்க வேண்டுமாம். மண் லாரியில் கொண்டுவந்து கொட்டி, புல்லை நட்டு, மூட்டை மூட்டையாக யூரியா. "பாக்டீரியாவ யார் பாக்கப்போறா? புல்லத்தான் பாப்பாங்க" என்றார். அவரோடு சண்டை போட்டேன். இரண்டு நாள் வேலைக்கு வர வேண்டாம் என்றார்.

வேலைக்குத் திரும்பிய அன்று காலை, வழக்கம்போல் முன் இருக்கையில் உட்கார்ந்திருந்தேன். வேன் நிறையப் பிள்ளைகள். இறக்கத்தில், வாய்க்கால் பாலத்துக்கு முன்னால் வளைவு. வீட்டுக்காரர் பின்னால் திரும்பாமலேயே ஒரு பையனை அதட்டிக்கொண்டிருந்தார். "கையை உள்ள எடு, எத்தனை தடவை..." அவ்வளவுதான், பேச்சு நின்றது. நான் திரும்பிப் பார்த்தேன். கண் திறந்திருக்கிறது, ஆள் இல்லை. கை ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்திருக்கிறது. கூப்பிட்டேன், உலுக்கினேன். கால் ஆக்ஸிலரேட்டரை விட்டு நகரவில்லை. ஹேண்ட் பிரேக்கை இரண்டு கையாலும் இழுத்தேன். வேன் சுழன்று பாலத்துக் கைப்பிடிச் சுவரில் ஏறி நின்றது. முன்சக்கரம் ஒன்று அந்தரத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. பின்கதவு வழியாக ஒவ்வொரு பிள்ளையாக இறக்கினேன். ஒரு சின்னப் பெண்ணுக்கு மணிக்கட்டு முறிந்தது, மற்றவர்களுக்குச் சிராய்ப்பு. கடைசியாக அவரை இறக்கும்போது உடம்பு முழுவதும் வெட்டி வெட்டி இழுத்தது.

வலிப்பு என்கிறார் டாக்டர். இதற்கு முன் கிடையாது, குடும்பத்திலும் கிடையாது. "ஏதாவது கெமிக்கல் பக்கத்துல வேலை செய்றீங்களா?" என்று அவர் கேட்டார். "இல்ல சார், வேன் ஓட்டறேன்" என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்.

இன்னொன்றும் உனக்குத் தெரிய வேண்டும். வீட்டுக்காரர் ஆண் இல்லை. 'அவர்' என்று எழுதினால் பொய்யும் ஆகாது, உண்மையும் தெரியாது என்று நினைத்தேன். அம்மா காதுக்கு எட்டினால் அடுத்த ரயிலில் வந்து இறங்குவாள் என்ற பயம். நாங்கள் இருவரும் கல்யாணம் செய்துகொள்ளலாம் என்று பேசியிருக்கிறோம். ஜூனில் ஊருக்கு வந்து நேரில் சொல்லலாம் என்று இருந்தேன்.

ஐந்தாவது பாட்டிலில் என்ன இருந்தது, அக்கா?

தம்பி

மே 15

பதில் இல்லை.

சூப்பர்வைசர் போனிலிருந்து உன் ஆய்வுக்கூடத்துக்குப் பேசினேன். "கூட்டத்துல இருக்கேன், அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டாய். உன் பின்னால் ஒரு சத்தமும் கேட்கவில்லை. கூட்டத்தில் யாருமே பேச மாட்டார்களா?

அவளுக்கு மறுபடி வலிப்பு வந்துவிட்டது, இந்தத் தடவை அடுப்படியில். நல்லவேளை, அடுப்பு எரியவில்லை. மாத்திரையை விழுங்க அதே குழாய்த் தண்ணீரைத்தான் பிடித்துக் கொடுத்திருக்கிறார் அவள் அப்பா. நான் டம்ளரைத் தட்டிவிட்டேன். ஏன் தட்டிவிட்டேன் என்று அவள் கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. உன்னிடம் இருக்கிறது.

மே 20

தம்பி,

உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கவும் வாய் கூசுகிறது. முதலில் விஷயம்.

ஐந்தாவது பாட்டிலில் ஆர்.டி.எக்ஸ். இருந்தது. குடிக்கலாம் என்கிற அளவைப்போல் நாற்பது மடங்கு. மேட்டுப் போர்களைவிட அதிகம். நாம் சுவர் எழுப்புவதற்கு முன்பே பெரிய பங்கு தாண்டிப்போய்விட்டது. அந்த வீடுதான் பள்ளத்தில் கடைசி. அங்கே போய்த் தேங்கியிருக்கிறது. மார்ச் முதல் வாரமே எனக்குத் தெரியும். இயந்திரம்தான் தப்பு செய்கிறது என்று கழுவித் துடைத்து மறுபடி ஓட்டினேன். அதே எண் வந்தது. நீ பிறகு அனுப்பிய பாட்டில்களிலும் அதே கதைதான்.

இயக்குநரிடம் கொண்டுபோனேன். "இப்ப சொன்னா தெரு காலியாகும், திட்டமும் காலியாகும். அப்புறம் அந்த மண்ண யார் சுத்தம் பண்ணுவா? மூணு மாசம் பொறு" என்றார். அப்போது அது எனக்கு நியாயமாகவே பட்டது. திட்டம் நின்றால் தண்ணீர் இன்னும் கீழே போகும், இன்னும் பல வீடு கெடும் என்று எனக்கு நானே கணக்குச் சொல்லிக்கொண்டேன். அன்று சாயங்காலமே உனக்குக் கேன் தண்ணீர் வாங்கச் சொல்லி எழுதினேன். என் தம்பியை மட்டும் எடுத்து வெளியில் வைத்துக்கொண்டு மற்றவர்களை உள்ளேயே விட்டுவிட்டேன்.

ஆர்.டி.எக்ஸ். நரம்பைத் தாக்கும். அதைத் தூளாகச் சுவாசித்த தொழிலாளிகளுக்கு வலிப்பு வந்திருக்கிறது. தண்ணீரில் இந்த அளவு இருந்தால் வருமா என்று எனக்குத் தெரியாது. இதனால்தான் வந்தது என்று என்னால் சொல்ல முடியாது. இதனால் இல்லை என்றும் சொல்ல முடியாது. டாக்டருக்கு அந்த எண் தெரிந்தால் தேட வேண்டிய இடம் தெரியும்.

முடிவை இரண்டு பிரதி இத்துடன் வைத்திருக்கிறேன். இயக்குநர் கையெழுத்து இல்லை, என் கையெழுத்து இருக்கிறது. ஒன்றை டாக்டரிடம் கொடு. இன்னொன்றைத் தெருவில் எல்லாரையும் கூட்டி வைத்துப் படி. அந்த போரையும் தெருவிலுள்ள மற்ற போர்களையும் இன்றே பூட்டு. கொதிக்க வைத்தால் போகாது என்று கட்டாயம் சொல், பலரும் அப்படித்தான் நினைப்பார்கள். மேட்டுப் புல்லை மண்ணோடு வழித்தெடுக்கச் சொல்.

நான் கிளம்பி வருகிறேன். அவரை, நீ சொல்லாமல் வைத்திருந்தவரை, நல்லபடியாகப் பார்த்துக்கொள்.
அக்கா

ஜூன் 4

அக்காவுக்கு,

நான் நலம். அம்மா எப்படி இருக்கிறாள்? நீ இப்போது வர வேண்டாம்.

உன் தாள் வந்த அன்று சாயங்காலம் எல்லாரையும் கடைசி வீட்டு வாசலுக்குக் கூப்பிட்டேன். முதல் வரியையே இரண்டு தடவை படித்தேன். அவள் என் கையிலிருந்து வாங்கி, பிள்ளைகளுக்கு வருகைப் பதிவு படிக்கிற குரலில் முழுவதையும் படித்தாள். நடுவில் சூப்பர்வைசர் வேகமாக வந்தார். "இது ஆபீஸ் காகிதம், குடுங்க." அவள் நிமிரவில்லை. "படிச்சு முடிச்சிட்டுத் தரேன், நில்லுங்க" என்றாள். அவரும் நின்றார்.

முடிந்ததும் எல்லாரும் ஒரே சமயத்தில் பேசினார்கள். துணி தைக்கிற அம்மா, "என் மருமக முழுகாம இருக்கா, அவளுக்கு என்ன பதில்?" என்று என் சட்டையைப் பிடித்தார். அவள் அப்பாவுக்குக் காதில் கத்திச் சொன்னோம். "வெடிமருந்தா? அதான் எனக்குக் கோவம் சட்டுனு வருதா?" என்றார். சிலர் சிரித்தார்கள். சிரித்தவர்களே அழவும் செய்தார்கள். மறுநாள் எல்லாருமாகப் போய்த் தொழிற்சாலை வாசலில் உட்கார்ந்தார்கள். இப்போது லாரியில் தண்ணீர் வருகிறது. வீட்டு போர்களைப் பூட்டியாயிற்று. புல்லை வழித்துவிட்டோம், பாகு மறுபடி இறங்குகிறது.

கூட்டம் கலைந்த பிறகு அவள் என்னிடம் கேட்டாள். "உங்க அக்கா உங்களுக்குக் கேன் வாங்கச் சொன்னாங்க. சரி, அவங்களுக்கு நான் யாரு? ஆனா நீங்க? அஞ்சாவது பாட்டிலுக்குப் பதில் வரலைன்னு உங்களுக்கே தெரியும். சந்தேகம் வந்துதானே அக்காவுக்கு எழுதிக் கேட்டீங்க? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. நான் குழாய்ல பிடிச்சுக் குடிக்கறப்ப பக்கத்துல நின்னு கேன்ல ஊத்திக் குடிச்சீங்க."

சந்தேகம்தானே, உறுதி இல்லையே என்றேன். சொல்லும்போதே அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரிந்தது. நாம் ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள்.

மாடியைக் காலி செய்யச் சொல்லிவிட்டாள். பம்ப் கொட்டகையில் கட்டில் போட்டிருக்கிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை.

தம்பி

ஆகஸ்ட் 18

மதிப்புக்குரிய வீட்டுக்கார அம்மாவுக்கு,

வணக்கம். நீங்களும் உங்கள் அப்பாவும் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்க எனக்கு உரிமை இல்லை. ஆனாலும் கேட்கிறேன்.

மன்னிப்புக் கேட்டு எழுதவில்லை. கேட்டால் பதில் சொல்ல வேண்டிய பாரம் உங்கள் தலையில் விழும். உங்களுக்குப் பயன்படக்கூடிய ஒன்றைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

என்னை அந்தத் திட்டத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். மாதிரிகள் இனி என் கைக்கு வராது, முடிவை உங்களிடம் யாரோ கொண்டுவந்து காட்டுவார்கள். 'ஆர்.டி.எக்ஸ். இல்லை' என்று மட்டும் எழுதியிருந்தால் நம்பிவிடாதீர்கள். பாக்டீரியா அதை ஒரே வாயில் விழுங்குவதில்லை. முதலில் அதன் ஓரங்களைக் கடித்து உருமாற்றும். அப்படிப் பாதி தின்று வைத்த மிச்சமும் விஷம்தான், அதற்குப் பெயர் வேறு. வளையம் அறுந்து முழுவதும் உடைந்தால்தான் நிம்மதி. "பாதியில் நிற்கும் பொருள்களையும் அளந்தீர்களா?" என்று கேளுங்கள். மழுப்பினால் விடாதீர்கள். இது வாரக் கணக்கில் முடிகிற வேலை இல்லை, வருஷக் கணக்கு. பாக்டீரியாவை அவசரப்படுத்த முடியாது. பட்டினி போடாமலும் கெடுக்காமலும் இருந்தால் அது தன் வேலையைச் செய்யும்.

தம்பியைப் பற்றி ஒன்றும் எழுத மாட்டேன். அது உங்கள் இருவர் விஷயம். அவனுக்குச் சந்தேகத்தைக் கொடுத்து உண்மையைக் கொடுக்காமல் வைத்தது நான் என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

வேளாவேளைக்கு மாத்திரை சாப்பிடுங்கள். அப்பாவுக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
மாடி அறைக்காரனின் அக்கா

அக்டோபர் 7

மேடம்,

வணக்கம். நீங்களும் உங்கள் அம்மாவும் நலமா? உங்களை என்னவென்று கூப்பிடுவது என்று யோசித்துப் பார்த்தேன், ஒன்றும் பிடிபடவில்லை. இப்போதைக்கு மேடம் என்றே இருக்கட்டும்.

எனக்கு ஜூலைக்குப் பிறகு வலிப்பு வரவில்லை. அது மாத்திரையாலா, தண்ணீரை மாற்றியதாலா என்று டாக்டருக்கே தெரியவில்லை. இன்னும் ஒரு வருஷத்துக்கு வண்டி ஓட்டக் கூடாது என்றிருக்கிறார். வேனை வேறொருவர் ஓட்டுகிறார். கியர் மாற்றும்போது அவர் போடுகிற சத்தம் என் பல்லைக் கூசவைக்கிறது. மணிக்கட்டு முறிந்த பெண்ணுக்குக் கட்டுப் பிரித்தாயிற்று. அவள் வீட்டுக்கு நடந்து போய்ப் பார்த்தேன். அவள் அம்மா கதவைத் திறந்தார், ஆனால் உட்காரச் சொல்லவில்லை. நானும் நின்றுகொண்டே பேசிவிட்டு வந்தேன். அப்படி நிற்பது எப்படி இருக்கும் என்று எனக்கு இப்போது தெரியும். அதனால்தான் உங்களுக்குப் பதில் எழுதுகிறேன்.

நீங்கள் சொன்ன கேள்வியைக் கேட்டேன். புதிதாக வந்திருக்கும் ஆபீசர், "அதெல்லாம் உங்களுக்குப் புரியாதும்மா" என்றார். "புரியலன்னா நீங்க புரியவைங்க, நீங்க ரிட்டயராகற வரைக்கும் நான் இங்கதான் இருப்பேன்" என்றேன். தெருவில் நான்கு பேர் முன்னால் பாட்டில் நிரப்பினோம், இரண்டு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினோம். நாற்பது மடங்கு இப்போது பதினொன்றாக இருக்கிறது. பாதி தின்ற மிச்சத்தையும் அளந்திருக்கிறார்கள். அதுவும் இருக்கிறது, ஏறவில்லை, இறங்கவும் தொடங்கவில்லை. தையல்கார அம்மாவின் மருமகளுக்குக் குழந்தை பிறந்தது. நன்றாக இருக்கிறது என்கிறார்கள். பெரியவர்கள் எல்லாரும் அதை உற்று உற்றுப் பார்க்கிறோம். பாவம் அந்தக் குழந்தை, இன்னும் எத்தனை நாள் அதை இப்படி ஒரு தெருவே குனிந்து பார்க்குமோ.

உங்கள் தம்பி பம்ப் கொட்டகையில்தான் இருக்கிறார். பாகு ஒரு நாள்கூடத் தவறவில்லை. சாயங்காலம் வாசல்வரை வந்து அப்பாவோடு கத்திக் கத்திப் பேசிவிட்டுப் போகிறார். நான் உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருப்பேன். போன வாரம் நாற்காலியை வெளியே எடுத்துப் போட்டேன். அதற்குமேல் இன்னும் ஒன்றும் முடிவு செய்யவில்லை.

நீங்கள் வருகிறேன் என்று சொல்லியிருந்தீர்களாம், வேண்டாம் என்று அவர் தடுத்துவிட்டாராம். அவர் யார் தடுக்க? வாருங்கள். ஆனால் நேராக எங்கள் வீட்டுக்கு வர வேண்டாம். மேலே முதல் வீட்டிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, மார்ச் மாதமே எனக்குத் தெரியும் என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். சிலர் திட்டுவார்கள். துணி தைக்கிற அம்மா கண்டிப்பாகத் திட்டுவார். எல்லாவற்றையும் கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் தம்பி துணைக்கு வருகிறேன் என்பார், அழைத்து வராதீர்கள்.

எங்கள் வீடு கடைசி வீடு. வந்து சேரும்போது மிகவும் களைத்திருப்பீர்கள். டீ போட்டுத் தருகிறேன். குடிப்பதற்கு முன்னால், இது எந்தத் தண்ணீர் என்று கேளுங்கள். கோபித்துக்கொள்ள மாட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
கடைசி வீட்டு வேன்காரி